டீசல் எங்கே போகிறது?

பள்ளிவாசலில் எங்கள் லயத்தில் ஒரு அண்ணன் இருக்கிறார். பிக்கப் வண்டி ஓட்டுகிறார். வண்டி அவருடையது அல்ல. முதலாளி வேறு. வட்டவடையில் கோசும் கேரட்டும் ஏற்றுவார். மூணாறு, பள்ளிவாசல் வழியாக அடிமாலிக்குக் கொண்டு போய் இறக்குவார். காலியாகத் திரும்பி வருவார்.

ஒரு நாள் முதலாளி கேட்டார்.

"லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்த வண்டி. இப்போ பத்துதான் கொடுக்குதுன்னு பில் சொல்லுது. டீசல் எங்கே போகுது?"

திருடினாய் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு அதுதான் பொருள். அந்த மாதச் சம்பளத்தில் ஆயிரம் ரூபாயைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது டீசலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று நினைத்தார். இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தினார். கியரை நியூட்ரலில் போட்டார். வண்டியைச் சும்மா உருள விட்டார். இது அண்ணிக்குத் தெரிந்தது. அவர் பயந்து போனார்.

அண்ணி எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறவர். அப்போதுதான் வகுத்தல் கணக்கு படித்து முடித்திருந்தார். என்னிடம் வந்தார்.

"தம்பி, டீசல் எங்கே போகுதுன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும் அண்ணி. ஒரு நோட்டும் பேனாவும் போதும்" என்றேன்.

முதலில் அளந்து பார்ப்போம்

மைலேஜ் குறைந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. எவ்வளவு குறைந்தது? அளந்தால்தான் தெரியும். அளக்கும் முறை எளிது.

டேங்க் நிறைய டீசல் அடிக்க வேண்டும். அப்போது மீட்டரில் உள்ள கிலோமீட்டரை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வழக்கம்போல ஓட்ட வேண்டும். இடையில் அடிக்கும் டீசலை எல்லாம் எழுதி வர வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும் டேங்கை நிரப்ப வேண்டும். முடிந்தால் அதே பங்கில், அதே மாதிரி சமதளத்தில் நிறுத்தி நிரப்புங்கள்.

அண்ணி எழுதிய கணக்கைப் பாருங்கள்.

முதல் நாள் மீட்டர்: 48,200
கடைசி நாள் மீட்டர்: 48,740
ஓடிய தூரம்: 540 கிலோமீட்டர்

நடுவில் அடித்த டீசல்: 20 லிட்டர்
கடைசியில் நிரப்பிய டீசல்: 34 லிட்டர்
மொத்தம்: 54 லிட்டர்

540-ஐ 54-ஆல் வகுத்தால் 10. லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர்.

முதலாளி சொன்னது உண்மைதான். மைலேஜ் குறைந்துதான் இருந்தது. ஆனால் அண்ணன் திருடவில்லை. அப்படியானால் டீசல் வண்டிக்குள்ளேயேதான் எங்கோ வீணாகிறது.

டீசல் அடிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பங்க் மீட்டரில் பூஜ்யம் தெரிந்த பிறகே அடிக்கச் சொல்லுங்கள். அளவில் சந்தேகம் வந்தால், 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். முத்திரை போட்ட அந்தப் பாத்திரம் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். கேட்பது உங்கள் உரிமை.

மலைக்கு ஒரு கணக்கு, தரைக்கு ஒரு கணக்கு

தேனியில் சமதளத்தில் ஓடும் வண்டியோடு நம் வண்டியை ஒப்பிடக் கூடாது. ஏன்?

பள்ளிவாசல் மின் நிலையத்தைப் பாருங்கள். 1940-இல் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுதான். மலை மேலிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் தண்ணீர் கீழே பாய்கிறது. அந்த வேகத்தில் சக்கரம் சுழல்கிறது. மின்சாரம் கிடைக்கிறது. மேலே இருப்பது கீழே வந்தால் சக்தி கிடைக்கும்.

அப்படியானால் கீழே இருப்பதை மேலே ஏற்ற என்ன வேண்டும்? சக்தி வேண்டும். வண்டிக்கு அந்தச் சக்தியைக் கொடுப்பது டீசல்.

வண்டியும் சரக்கும் சேர்த்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். அதை 1000 மீட்டர் உயரம் ஏற்ற மட்டும் சுமார் இரண்டரை லிட்டர் டீசல் வேண்டும். சாலையில் ஓடுவதற்கான டீசல் தனி.

இன்னொன்றும் உண்டு. மூணாறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று கீழே இருப்பதைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டீசல் எரியக் காற்று வேண்டும். காற்று குறைந்தால் இன்ஜினுக்கு இழுவை குறையும். டர்போ இல்லாத பழைய ஜீப்புகள் ஏற்றத்தில் திணறுவது இதனால்தான்.

எனவே, ஊரார் வண்டி எத்தனை கொடுக்கிறது என்று கேட்க வேண்டாம். உங்கள் வண்டி இதே பாதையில், இதே சுமையோடு முன்பு எத்தனை கொடுத்தது? அதைத்தான் கேட்க வேண்டும். அண்ணன் வண்டி முன்பு 12 கொடுத்தது. இப்போது 10. பாதையும் சுமையும் மாறவில்லை. ஆகவே வண்டியில்தான் கோளாறு.

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள்

மைலேஜ் குறைந்தால் பலர் உடனே பம்பையும் நாசிலையும் கழற்றச் சொல்கிறார்கள். அது பெரிய செலவு. முதலில் காசில்லாமல் பார்க்கக்கூடியதைப் பார்ப்போம்.

ஒன்று: ஒழுக்கு. இரவு வண்டியை நிறுத்திய இடத்தைக் காலையில் பாருங்கள். தரையில் ஈரம் இருக்கிறதா? டீசல் வாடை வருகிறதா? டேங்க் மூடி, குழாய், பில்டர் ஆகிய இடங்களில் தடவிப் பாருங்கள்.

இரண்டு: டயர். காற்று குறைந்த சைக்கிளை மிதித்திருக்கிறீர்களா? கால் வலிக்கும். வண்டிக்கும் அப்படித்தான். டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவருகே ஒட்டிய சீட்டில் இருக்கும். சுமை ஏற்றினால் பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். டயர் சூடாவதற்கு முன்பு, காலையிலேயே அளக்க வேண்டும்.

மூன்று: பிரேக். மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் சில சமயம் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். ஹேண்ட் பிரேக் கம்பி துருப்பிடித்தாலும் அப்படித்தான். சிறிது தூரம் சமதளத்தில் ஓட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் நடுப்பகுதி அருகே கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் இறுகியிருக்கிறது என்று பொருள்.

நான்கு: ஏர் பில்டர். இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டுவது இது. மண் சாலையில் ஓடினால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காகிதப் பில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. லேசாகத் தட்டித் தூசியை உதிர்க்கலாம். மிகவும் அடைத்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஐந்து: புகை. வண்டி தன் நோயைப் புகையால் சொல்லும். தொடர்ந்து கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது. நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே போகிறது.

ஆறு: கிளட்ச். ஏற்றத்தில் இன்ஜின் இரைகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை, கருகிய வாடை வருகிறது. இப்படியானால் கிளட்ச் வழுக்குகிறது.

இந்த ஆறும் சரியாக இருந்தால்தான் பம்பு, நாசில், டர்போ பக்கம் போக வேண்டும். அதற்கு நல்ல மெக்கானிக் வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் விற்கும் புதிய வண்டிகளுக்குப் புகைக் கட்டுப்பாடு அதிகம். பல வண்டிகளில் கரியைப் பிடிக்கும் பில்டர் இருக்கிறது. அந்தக் கரியை எரிக்க வண்டி கொஞ்சம் டீசலைச் செலவிடும். மீட்டர் பலகையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சும்மா விடாதீர்கள். உடனே காட்டுங்கள்.

அண்ணன் வண்டியில் என்ன கோளாறு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் வண்டியைப் பார்த்தோம். அண்ணி நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். அண்ணன் பார்த்துச் சொன்னார்.

ஒழுக்கு இல்லை. ஏர் பில்டர் பரவாயில்லை. பின் டயர் இரண்டிலும் காற்று குறைவு. அடுத்து பிரேக். அண்ணன் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து நிறுத்தினார். பின்பக்கம் இடது சக்கரத்தின் அருகே கையை நீட்டினார்.

"அடுப்பு மாதிரி அனல் அடிக்குது!" என்றார்.

மற்ற மூன்று சக்கரங்களிலும் அந்தச் சூடு இல்லை.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைக் கழற்றினார்கள். ஹேண்ட் பிரேக் கம்பி மழையில் துருப்பிடித்திருந்தது. இழுத்தால் இறுகியது. விட்டால் முழுதாகத் தளரவில்லை. பிரேக் எப்போதும் உரசிக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் டீசல் எரிந்து வண்டியை இழுத்தது. மறுபக்கம் பிரேக் அதைப் பிடித்து நிறுத்தியது. டீசல் சூடாக மாறி வீணாய்ப் போனது.

கம்பியை மாற்றினார்கள். டயருக்குக் காற்று அடித்தார்கள். அண்ணி மறுபடியும் கணக்கு எழுதினார்.

மீட்டர் 48,900-இலிருந்து 49,500 வரை. ஓடிய தூரம் 600 கிலோமீட்டர். டீசல் 50 லிட்டர். 600-ஐ 50-ஆல் வகுத்தால் 12.

பழைய மைலேஜ் திரும்பி வந்துவிட்டது.

அண்ணன் நோட்டை முதலாளியிடம் காட்டினார். முதலாளி வெகு நேரம் பார்த்தார். "இது யார் எழுதினது?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரி" என்றார் அண்ணன். பிடித்த ஆயிரம் ரூபாயை முதலாளி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நியூட்ரலில் விடாதீர்கள்

ஒரு முக்கியமான செய்தி மிச்சம் இருக்கிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சமாகுமா?

இறக்கத்தில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். அப்போது இன்ஜின் டீசல் குடிக்காது. வேகமும் கட்டுக்குள் இருக்கும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் ஓட டீசல் வேண்டும். ஆகவே நியூட்ரலில்தான் டீசல் செலவு!

இன்ஜினையே நிறுத்திவிட்டால்? அது மிகவும் ஆபத்து. பிரேக் மிதிக்கு உதவும் சக்தி இன்ஜினிலிருந்துதான் வருகிறது. இன்ஜின் நின்றால் இரண்டு மூன்று முறை மிதித்ததும் மிதி கல்லைப் போல இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கொண்டை ஊசி வளைவில் அப்படி ஆனால் என்ன நடக்கும்?

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். மலை ஓட்டுநர்களின் பழைய பாடம் இது. இன்றைக்கும் இதுதான் சரி.

இதைச் சொன்னதும் அண்ணன் தலை குனிந்தார். "ஆயிரம் ரூபாய்க்குப் பயந்து உயிரை வச்சு விளையாடிட்டேன்" என்றார். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. நோட்டின் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினார்: "இறக்கத்தில் கியர்."

அந்த நோட்டு இப்போதும் வண்டியில் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1. ஒரு வண்டி மாதம் 2,400 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் எத்தனை லிட்டர் டீசல் வேண்டும்? லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுத்தால் எத்தனை லிட்டர் வேண்டும்?

2. ஒரு லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் எவ்வளவு பணம் வீணாகிறது?

3. உங்கள் வீட்டில் அல்லது லயத்தில் வண்டி ஓட்டுகிறவர் யார்? அவரிடம் மீட்டர் கணக்கைக் கேட்டு, ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். வகுப்பில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

(விடை: 200 லிட்டர், 240 லிட்டர். வீணாகும் பணம் 3,800 ரூபாய்.)