‘சொந்த ஊர் எது?’ – ரூம்மேட் தேடும் ஆப் கேட்கக் கூடாத கேள்வி

கல்லூரி அட்மிஷன் முடிந்த கையோடு பெரம்பலூர், அரியலூர் பக்கம் இன்னொரு தேடல் ஆரம்பிக்கும். அது ரூம் தேடல். ரூம்கூட எப்படியோ கிடைத்துவிடும். கூட இருக்க ஆள் கிடைப்பதுதான் பாடு. ஹாஸ்டல் ஒத்துவராதவர்கள், ஹாஸ்டல் ஃபீஸ் கட்டுப்படியாகாதவர்கள், ஃபைனல் இயரில் வெளியே வருபவர்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள் என எல்லோருக்கும் இப்போதைக்கு வழி ஒன்றுதான். சீனியரிடம் சொல்லி வைப்பது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது, சுவரில் ஒட்டிய ‘டு-லெட்’ நோட்டீஸைப் பார்த்து போன் அடிப்பது.

‘இதுக்கு ஒரு ஆப் பண்ணா என்ன?’ என்று யாருக்கும் தோன்றும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்களுக்கு இது புராஜெக்ட்டாகவே தோன்றும். பத்துக் கேள்வி கேட்கணும், பதில்களைப் பொருத்திப் பார்க்கணும், ‘உங்களுக்கு 87% பொருத்தம்’ என்று காட்டணும், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. கோடிங்கை விட அந்தப் பத்துக் கேள்விதான் கஷ்டம்.

கணக்கே கைவிரித்த இடம்

1962இல் டேவிட் கேல், லாய்ட் ஷாப்லி என்ற இரண்டு அமெரிக்கக் கணித அறிஞர்கள் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். மாணவர்களையும் கல்லூரிகளையும் இருவர் விருப்பமும் கெடாமல் எப்படி இணைப்பது என்பது அவர்கள் கேள்வி. அப்படி இரண்டு தனித்தனித் தரப்பு இருந்தால் நிலையான ஜோடி எப்போதும் கிடைக்கும் என்று நிரூபித்தார்கள். இந்தத் துறைப் பணிக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அதே கட்டுரையில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள்: ஒரே கூட்டத்துக்குள்ளேயே ஜோடி சேர்க்கணும் என்றால், அதாவது ரூம்மேட் என்றால், அந்த உத்தரவாதம் கிடையாது.

நம்ம ஊர்க் கணக்காகப் பார்ப்போம். கவி, செல்வி, தேவி, பானு என நாலு மாணவிகள். இரண்டு ரூம், ரூமுக்கு இரண்டு பேர். கவிக்கு முதல் விருப்பம் செல்வி. செல்விக்கு தேவி. தேவிக்கு கவி. மூன்று பேருமே பானுவைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள்.

கவி–செல்வி ஒரு ரூம், தேவி–பானு இன்னொன்று என்று போடுங்கள். செல்விக்கு கவியை விட தேவியைப் பிடிக்கும். தேவிக்கு பானுவை விட செல்வி பரவாயில்லை. இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சேர்ந்துவிடுவார்கள். இப்போது கவியும் பானுவும் ஒரு ரூம். தேவிக்கு முதல் விருப்பமே கவி. கவிக்கும் பானுவை விட தேவி மேல். மறுபடி பெட்டி. அடுத்து செல்வி பானுவோடு மாட்டுவார், உடனே கவியை இழுப்பார். சுற்றிச் சுற்றி ஓடும், நிற்காது. ராபர்ட் இர்விங் 1985இல் ஒரு வேகமான வழிமுறையைக் கொடுத்தார். நிலையான ஜோடி இருந்தால் அது கண்டுபிடித்துத் தரும். இல்லை என்றால் ‘இல்லை’ என்று சொல்லும். இல்லாததை அதுவும் உருவாக்காது.

இதில் என்னை உறுத்துவது வேறு. பானுவை ஏன் மூன்று பேரும் கடைசியில் வைத்தார்கள் என்று கணக்கு கேட்பதே இல்லை. குறட்டையா, சிகரெட்டா, பெயரா, ஊரா? கணக்குக்கு எல்லாம் ஒன்றுதான். ஆப் செய்பவருக்கு அப்படி இருக்க முடியாது.

ரூம்மேட்ஸ்.காம் கோர்ட் ஏறிய கதை

இதே விஷயத்தில் அமெரிக்காவில் ஒரு இணையதளம் பல வருஷம் கோர்ட்டுக்கு அலைந்தது. பெயரே ரூம்மேட்ஸ்.காம். பதிவு செய்யணும் என்றால் ஆணா பெண்ணா, பாலியல் சார்பு என்ன, குழந்தைகளோடு வருவீர்களா என்று கட்டாயம் சொல்லணும். யாரோடு இருக்க விருப்பம் என்பதையும் இதே அடிப்படையில் குறிக்கணும். அதை வைத்துத்தான் தளம் தேடல் முடிவுகளை வடிகட்டிக் காட்டியது. வீட்டுவசதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டத்தை மீறுவதாக கலிஃபோர்னியாவின் நியாய வீட்டுவசதி அமைப்புகள் வழக்குப் போட்டன.

2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. பயனர் தானாக எழுதும் ‘கூடுதல் குறிப்புகள்’ பெட்டியில் என்ன எழுதினாலும் அதற்குத் தளம் பொறுப்பல்ல. ஆனால் கேள்வியைத் தளமே தயாரித்து, பதில் சொல்லாமல் உள்ளே விடாமல், அந்தப் பதிலை வைத்து ஆளை வடிகட்டினால், ‘நான் வெறும் நோட்டீஸ் போர்டு’ என்று தப்பிக்க முடியாது.

கதையில் ட்விஸ்ட் 2012இல் வந்தது. ஒரே வீட்டுக்குள் கூட யார் இருக்கணும் என்று தேர்ந்தெடுப்பது ஒருவரின் அந்தரங்க உரிமை, அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. தளம் ஜெயித்தது.

இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் படித்தால் ஆப் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. யாரோடு இருப்பது என்பது மாணவரின் விருப்பம், அதில் கைவைக்க முடியாது. ஆனால் எந்தக் கேள்வியைக் கட்டாயமாக்குவது, எதற்கு ஃபில்டர் வைப்பது என்பது ஆப்பின் முடிவு.

நம்ம ஊர் ஃபில்டர் எப்படி இருக்கும்?

‘உங்க சாதி என்ன?’ என்று எந்த ஆப்பும் கேட்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கமும் போய்விட்டது. அதனால்தான் நம்மிடம் சுத்துவழிக் கேள்விகள் அதிகம். ‘எந்த ஊருப்பா?’ ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ ‘எந்தத் தெரு?’ கேட்கிறவருக்கு மூன்றாவது பதிலில் வேலை முடிந்துவிடும். வெளியூர்க்காரருக்கு ‘சொந்த ஊர்’ என்பது சாதாரண ஒரு கட்டம். செந்துறை, ஜெயங்கொண்டம், வேப்பந்தட்டை, ஆலத்தூர் வட்டாரத்து கிராமத்துப் பையனுக்கு அது சாதாரணம் இல்லை. மாவட்டம் வரைக்கும் கேட்டால் போதும். அதுவும் வார லீவில் ஊருக்குப் போவாரா, ரூமிலேயே இருப்பாரா என்று தெரிந்துகொள்ளத்தான். அதையே நேராகக் கேட்டுவிட்டால் மாவட்டமும் தேவையில்லை.

அடுத்தது ‘வெஜ் ஒன்லி’. இதில் வாதம் வரும், தெரியும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவருக்கு அது நிஜமான தேவைதான். ஆனால் 2018 டிசம்பரில் ஐஐடி மெட்ராஸ் மெஸ் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனி கை கழுவும் இடம் என்று நோட்டீஸ் ஒட்டியபோது ஏன் அவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பதையும் யோசிக்கணும். என் கருத்து, உணவை ஃபில்டராக வைக்காமல் சமையலறைக் கேள்வியாக மாற்றலாம். ‘வீட்டில் சமைப்பீர்களா? பாத்திரத்தைப் பகிர்வீர்களா, தனியாக வைத்துக்கொள்வீர்களா?’ தேவை உள்ளவர் அதைச் சொல்லிக்கொள்ளலாம். இன்னொருவர் பட்டியலிலேயே வராமல் மறைந்துபோக மாட்டார்.

பயம் கற்பனை இல்லை. டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டு நடத்திய ஆய்வை பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி’யில் வெளியிட்டார்கள். தலித், முஸ்லிம் அடையாளத்தோடு கேட்டவர்களுக்கு மறுப்பு வந்தது, கூடுதல் நிபந்தனைகள் வந்தன. நேரில் போனபோது நிலைமை இன்னும் மோசம். அங்கே மறுத்தது ஹவுஸ் ஓனரும் புரோக்கரும். ஆப்பில் யாரும் மறுக்கவே வேண்டாம், ஸ்க்ரீனில் பெயர் வராமல் போனால் போதும்.

அப்போ என்னதான் கேட்கிறது?

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஒருகாலத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு ரூம் ஒதுக்க முக்கியமாகக் கேட்டது நாலே விஷயம்: சிகரெட் பிடிப்பீர்களா, பாட்டு கேட்டுக்கொண்டே படிப்பீர்களா, ராத்திரி ரொம்ப நேரம் விழித்திருப்பீர்களா, பொருளை ஒழுங்காக வைப்பீர்களா. மற்றபடி குலுக்கல் மாதிரிதான். அந்தத் தரவை வைத்து புரூஸ் சசெர்டோட் 2001இல் வெளியிட்ட ஆய்வு, யாரோடு ரூம் பகிர்கிறோம் என்பது முதலாண்டு மதிப்பெண்ணிலும் தெரிகிறது என்று காட்டியது. டியூக் பல்கலைக்கழகம் 2018இல் இன்னும் ஒரு படி மேலே போய், முதலாண்டில் ரூம்மேட்டை நீங்களே தேர்ந்தெடுக்க முடியாது என்று அறிவித்தது. சோஷியல் மீடியாவில் தன்னைப் போலவே இருப்பவரைத் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் காரணம்.

பெரம்பலூருக்குக் கேள்விகள் கொஞ்சம் மாறும். சிறுவாச்சூர் பக்கம் நர்சிங், மெடிக்கல் படிக்கிறவருக்கு நைட் போஸ்ட்டிங் இருக்கும்; பகலில் தூங்கணும். மோட்டார் போடுவது யார் வேலை? குடிதண்ணீர் கேன் தூக்குவது யார்? ஏசி இருக்கா? இது பெரிய கேள்வி. இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் மின்கட்டண அடுக்கே மாறி, பில் சட்டென்று ஏறும். ஏசி போட்டவர் ஒருத்தர், பில் மூணாகப் பிரிக்கணும் என்றால் சண்டை நிச்சயம். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வரும் மாசம் 1,000 ரூபாயை நம்பி இருப்பவருக்கு அந்த வித்தியாசம் சின்னதல்ல.

நானும் திருச்சியில் இரண்டு பேரோடு வீடெடுத்துப் படித்த ஆள்தான். மூன்று பேருக்கும் ஒரே டேஸ்ட், ஒரே டைரக்டர் ரசிகர்கள். ஆப் இருந்திருந்தால் 95% காட்டியிருக்கும். நாலாவது மாசம் ஒருத்தன் கிளம்பினான். அக்ரிமென்ட் அவன் பேரில். அட்வான்ஸை அவன் கேட்க, ஓனர் ‘வீட்டைக் காலி பண்ணுனா தர்றேன்’ என்றார். மீதி இரண்டு பேரும் பரீட்சை நேரத்தில் வீடு தேடினோம்.

அதனால்தான் சொல்கிறேன், பொருத்தத்தை விட பிரிவுக்கான கேள்வி முக்கியம். 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி நகரப் பகுதிகளில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், பதிவு செய்யணும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. ஓனரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடவும் முடியாது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ரூம்மேட்டுக்கு காகிதத்தில் இடமே இல்லை. எல்லார் பேரும் சேர்ந்த ஒப்பந்த மாதிரி ஒன்றைத் தமிழில் ஆப் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேணும். இரண்டு பக்கமும் சம்மதிக்கும் வரை போன் நம்பரும் போட்டோவும் தெரியக்கூடாது. தனியார் ஹாஸ்டலை ஆப்பில் சேர்த்தால், 2014ஆம் ஆண்டின் மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி லைசென்ஸ் இருக்கா என்று பார்க்கணும். முதலாண்டில் சேர்கிறவர்களில் பலருக்கு 17 வயதுதான். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 நிரம்பாதவரின் தரவைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் கட்டாயம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு படிப்படியாக அமலாகின்றன. புராஜெக்ட்தானே என்று எல்லாவற்றையும் கூகுள் ஷீட்டில் போட்டு வைக்கிறவர்கள் இதைப் படிக்கணும்.

இங்கே ஆப் ஓடுமா?

பிசினஸாக ஓடுவது கஷ்டம். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5.65 லட்சம், மாநிலத்திலேயே குறைவு. அரியலூர் 7.55 லட்சம். ஒரே வாரத்தில், ஒரே ஏரியாவில், ஒரே பட்ஜெட்டில் ரூம்மேட் தேடுகிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? அதிலும் ஒவ்வொரு ஃபில்டரும் பட்டியலைப் பாதியாக்கும். பெங்களூருவில் 2015இல் ஆரம்பித்து பேச்சுலர்களுக்குப் பகிர்வு வீடு தந்து பெரிய முதலீடு திரட்டிய நெஸ்ட்அவே நிறுவனமே 2023இல் சுமார் 90 கோடி ரூபாய்க்குக் கைமாறியது.

ஆள் குறைவு என்பதே இங்கே ஒரு வசதியும்கூட. ஐம்பது பேருக்கு அல்காரிதம் எதுக்கு? பெரம்பலூர் குரூப்புக்கு ஒன்று, அரியலூருக்கு ஒன்று என இரண்டு ஃபார்ம் போதும். ஜூலையில் திறந்து செப்டம்பரில் மூடி, சேர்ந்த தகவலை அழித்துவிடலாம். தூக்கம், சத்தம், சிகரெட், சமையல், கரன்ட் பில் பற்றி ஐந்து கேள்வி. ஆறாவது மட்டும் கட்டாயக் கேள்வி: ‘நடுவில் கிளம்பினால் உங்கள் பங்கு வாடகையை எத்தனை மாதம் தருவீர்கள்?’ பதிலைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். அந்த டேபிளுக்கு பானுவின் பெயரும் வந்து சேரணும். அதுவரைக்கும்தான் ஆப்பின் வேலை.