நுண்சத்துக் குறைபாடும் நீரிழிவும்
டென்மார்க்கில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை சூரிய ஒளி வலுக்குன்றியிருப்பதால், தோல் போதிய விற்றமின் டியை உருவாக்குவதில்லை. கருமையான தோலுடையோர் ஆண்டு முழுவதும் நாள்தோறும் 10 மைக்கிரோகிராம் விற்றமின் டி உட்கொள்ள வேண்டும் என்பது அரசின் பரிந்துரையாகும்.

விற்றமின் டி குறைந்தோரிடம் இரண்டாம் வகை நீரிழிவு அதிகமாகக் காணப்படுகின்றது. ஆயினும், குறைபாடே நோய்க்குக் காரணம் எனக் கொள்ளலாகாது. நீரிழிவு ஏற்படும் அபாயமுள்ள 2,423 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2019 இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் 100 மைக்கிரோகிராம் கொடுத்தும் நோய் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. எனவே இம்மாத்திரை எலும்பின் நலத்துக்கு உரியது. நீரிழிவு மருந்துக்கு ஈடாகாது.

மெட்போமின் மாத்திரையை நீண்டகாலம் உட்கொள்வோருக்கு விற்றமின் பி12 குறையக்கூடும். மரக்கறி உணவு மட்டும் உண்போர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். கால் விறைப்பை நீரிழிவின் விளைவு என்றே எண்ணிவிடாதீர்கள். பி12 குறைபாடும் அதற்குக் காரணமாகலாம். இரும்புச்சத்துக் குறைபாடு, நீண்டகாலச் சர்க்கரை அளவை உள்ளதிலும் கூடுதலாகக் காட்டக்கூடும்.

இவற்றை இரத்தப் பரிசோதனையால் அறியலாம். மஞ்சள் சுகாதார அட்டையுடன் உங்கள் குடும்ப வைத்தியரை அணுகுங்கள், ஆலோசனைக்குக் கட்டணமில்லை. உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் அவரிடம் தெரிவியுங்கள். எந்த மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம்.