கேள்வி நேரமும் காலிப் பணியிடமும்

நம் தென்னூரை அடுத்த புத்தூரில் அரசு மருத்துவமனை உள்ளது. அங்கே காலையில் நிற்கும் வரிசையை நாம் அறிவோம். ‘டாக்டர்களும் நர்சுகளும் போதுமா?’ என்ற கேள்வி பாராளுமன்றத்திலும் எழுகிறது.

மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம் தொடங்கும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் நேரில் விடை கூறுவார். துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு விடை எழுத்தில் வரும்.

2022-இல் அரசு தந்த விடையின்படி நம் நாட்டில் 834 பேருக்கு ஒரு மருத்துவர் உண்டு. 1,000 பேருக்கு ஒருவர் போதும் என்பர். பின் குறை ஏது? அந்தக் கணக்கில் தனியார் மருத்துவர்களும், சித்த, ஆயுர்வேத மருத்துவர்களும் சேர்ந்துள்ளனர். ஆகவே, அரசு மருத்துவமனையில் எத்தனை பேர் என்பது அதில் தெரியாது.

கிராமத்து ஏழைக்கு வேண்டியது சராசரிக் கணக்கன்று. துணைச் சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது விதி. தடுப்பூசி, கர்ப்பிணிகளின் கவனிப்பு எல்லாம் கிராம சுகாதாரச் செவிலியரின் கையில். அவர் இடம் காலியானால், அடுத்த நிலையத்துச் செவிலியர் இரண்டையும் சுமக்க நேரும்.

அரசியல் சட்டப்படி பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆகவே, சட்டமன்றத்திலும் கேட்க வேண்டும்: எந்த ஊரில், எத்தனை இடங்கள் காலி? எப்போது நிரப்பப்படும்?

பிறர்க்குத் தொண்டு செய்யவே நாம் கற்கிறோம். ஆனால், இருவர் வேலையை ஒருவர்மேல் சுமத்திவிட்டு, அவரைத் தியாகி என்று புகழ்வது நியாயமாகாது அன்றோ?