பழனிக்கு எம்.பி. இருந்த காலம்

2004, 2009 ரெண்டு தேர்தல்லயும் திண்டுக்கல்லில் ஜெயித்தது காங்கிரஸின் என்.எஸ்.வி. சித்தன். அதே தொகுதி, அதே ஆள் என்று நம்பி இரண்டு வருட வாக்குகளையும் ஒரே ஷீட்டில் போட்டு ஒப்பிட்டேன். சுத்தத் தப்பு. நடுவில் தொகுதியில் பாதி மாறிப் போயிருந்தது.

காரணம், இன்று இல்லாத பழனி மக்களவைத் தொகுதி. 2008 மறுவரையறைக்கு முன் அது எங்க ஊரைச் சுற்றி வளைத்துக் கிடந்தது. மேற்கே பழனி, ஒட்டன்சத்திரம், வடக்கே வேடசந்தூர், கிழக்கே நத்தம். போதாததற்கு அந்தப் பக்கம் காங்கேயம், வெள்ளகோவில் வேற. நத்தத்துக்காரருக்கு திண்டுக்கல் பக்கம், ஆனா எம்.பி. பழனிக்காரர்! திண்டுக்கல் தொகுதியோ உசிலம்பட்டி, சோழவந்தான், திருமங்கலம் என்று மதுரைப் பக்கம் நீண்டிருந்தது.

1977இல் பழனியில் ஜெயித்தவர் சி. சுப்பிரமணியம், அதுவரை மத்திய நிதியமைச்சர். தேசிய அளவில் காங்கிரஸ் தோற்ற தேர்தல் அது. 1984, 1989, 1991 மூன்றிலும் சேனாபதி கவுண்டர். பிறகு கார்வேந்தன் (1996, த.மா.கா.), கணேசமூர்த்தி (1998, ம.தி.மு.க.), குமாரசாமி (1999, அ.தி.மு.க.). 2004இல் மறுபடி கார்வேந்தன், இம்முறை காங்கிரஸ். கடைசி எம்.பி. அவர்தான்.

2009இல் பழனி, ஒட்டன்சத்திரம், நத்தம் திண்டுக்கல்லோடு சேர்ந்தன. வேடசந்தூர் கரூருக்கு, காங்கேயம் ஈரோட்டுக்கு. வெள்ளகோவில் சட்டமன்றத் தொகுதியே காலி. கணேசமூர்த்தி அந்த வருடம் ஈரோட்டில் நின்று ஜெயித்தார்; பழைய காங்கேயம் வாக்காளர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

ஷீட்டை அழித்துவிட்டு, சட்டமன்றத் தொகுதி வாரியாக முதலிலிருந்து போட ஆரம்பித்திருக்கிறேன்.