தன்னைக் கவனிக்க நேரமில்லை என்பவர்களுக்கு

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட கணவர், பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்று கேட்கும் தாய், டயாலிசிஸுக்குப் போய்வரும் மாமனார். இப்படி ஒருவர் இருக்கும் வீட்டுக்கு உறவினர்கள் வந்தால் நேரே கட்டிலருகேதான் போவார்கள். சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா, மாத்திரையெல்லாம் ஒழுங்காகப் போகிறதா என்று அக்கறையோடு விசாரிப்பார்கள். விசாரிக்க வேண்டியதுதான். வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பவரிடம் அதே மூன்று கேள்விகளை யாரும் கேட்பதில்லை. கேட்டால், பல வீடுகளில் மூன்றுக்குமே "இல்லை" என்றுதான் பதில் வரும்.

இந்தக் கட்டுரை அவருக்காக. அவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய மகன்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதில் உள்ள எல்லாமே பொருந்தும். தன்னைப் பேணுவது என்றதும் அழகு நிலையமும் சுற்றுலாவும் நினைவுக்கு வரும்படி விளம்பரங்கள் நம்மைப் பழக்கியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்டு 2022இல் திருத்திய சுயபராமரிப்பு வழிகாட்டுதல்களோ ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டிலேயே பார்த்துக்கொள்வது போன்ற சாதாரண காரியங்களையும் பேசுகின்றன. சாப்பாடு, தூக்கம், முதுகு, மாத்திரை, மனசு, உதவி கேட்பது. நாமும் இப்படிச் சாதாரணமானவற்றையே பார்ப்போம்.

ஆறாத புண் சொன்ன செய்தி

"வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்வதில் என்ன பெரிய களைப்பு?" என்று கேட்பவர்கள் உண்டு. பார்த்துக்கொள்பவரே தன்னைப் பார்த்து அப்படிக் கேட்டுக்கொள்வதும் உண்டு. 1995இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழுவினர் ஒரு சிறிய சோதனை செய்தார்கள். மறதிநோய் உள்ள உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேர். அதே வயதில், அந்தப் பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லோர் கையிலும் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் ஏற்படுத்தி, அது ஆறும் நாளைக் கணக்கிட்டார்கள். பராமரிப்பவர்களுக்குக் காயம் ஆற மற்றவர்களைவிடச் சுமார் 9 நாட்கள் கூடுதலாகப் பிடித்தது. ஓயாத மன அழுத்தம் உடலின் நோய் எதிர்ப்பு வேலையையே மந்தமாக்குகிறது என்பதற்கு இது கண்ணால் காணத்தக்க சான்று.

1999இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, வயதான கணவரையோ மனைவியையோ பராமரித்தவர்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அந்தப் பொறுப்பில் மன உளைச்சலுக்கு ஆளானவர்கள் அந்தக் காலத்துக்குள் இறக்கும் வாய்ப்பு, பராமரிப்புப் பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. அதே பொறுப்பைச் சுமந்தும் உளைச்சல் இல்லாதவர்களிடம் இந்த அதிகரிப்பு தென்படவில்லை. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது செய்திதான். கவனித்துக்கொள்வது ஆளைக் கொல்வதில்லை. ஓய்வும் துணையும் இல்லாமல் தனியாகக் கவனிப்பதுதான் ஆபத்து. அதை மாற்ற முடியும்.

தூக்கத்தை முறை போட்டுப் பகிருங்கள்

இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று ஒரு வாரம் காலண்டரில் கோடு போட்டு வையுங்கள். ஏன் எழுந்தீர்கள் என்பதையும் ஒரு சொல்லில் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோனால் பாதிப் பிரச்சினைக்கு வழி கிடைத்துவிடும். உதாரணத்துக்கு, இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறுக்காகக் கொடுக்கும் நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போட்டால் நோயாளி இரவு முழுக்க எழுவார். கூடவே நீங்களும் எழுவீர்கள். அதைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். மறதிநோய் உள்ளவர் பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி நடமாடுகிறார் என்றால், காலையில் அவரை வெயில் படும் இடத்தில் உட்கார வைத்துக் கீரை ஆய்வது, துணி மடிப்பது என்று சின்ன வேலைகள் கொடுத்துப் பகல் தூக்கத்தைக் குறைத்துப் பாருங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் ஒரே ஆள் பகலும் இரவும் இதை மாதக்கணக்கில் செய்ய முடியாது. ஏர் பெட் போட்டால் இரவில் இடைவெளியைக் கூட்டலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் இரவைப் பங்கு போடுங்கள்: இரண்டு மணிவரை ஒருவர், அதற்குப் பிறகு மற்றவர். இடையில் எழுப்பப்படாத நான்கைந்து மணி நேரத் தூக்கம், துண்டு துண்டான எட்டு மணி நேரத்தைவிட மேல். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் தேவை. இரவில் கிடைக்காத மிச்சத்தை மதியம் நோயாளி கண்ணயரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில்தான் பாத்திரம் கழுவ வேண்டும் என்று கை பரபரக்கும். பாத்திரம் சாயங்காலம்வரை கிடக்கட்டும்.

முதுகைக் காப்பாற்றுவது எப்படி?

பராமரிப்பவர்களிடம் அதிகம் கேட்கும் வார்த்தை "இடுப்புப் பிடிச்சுக்கிச்சு". எழுபது கிலோ மனிதரை ஐம்பது கிலோ பெண் ஒருவர் கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாற்றுவது பாசத்தால் மட்டும் நடக்காது. அதற்கு முறை தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் பிசியோதெரபிஸ்ட்டை அழைத்து, ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, அவர் எதிரில் நீங்களும் செய்து பாருங்கள். இதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இடுப்பை வளைத்துக் குனியாமல் முழங்காலை மடக்கித் தாழுங்கள். கால்களைச் சற்று அகட்டி, நோயாளியை உங்கள் உடம்போடு நெருக்கமாக அணைத்துப் பிடித்த பிறகே எழுப்புங்கள். சுமையோடு இருக்கும்போது இடுப்பைத் திருகாமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்புங்கள். பக்கவாதம் வந்தவர் என்றால் நாற்காலியை அவருடைய பலமான கை, கால் இருக்கும் பக்கம் போடுங்கள்; அவரும் ஊன்றி உதவுவார். பலவீனமான கையைப் பிடித்து மட்டும் இழுக்கவே இழுக்காதீர்கள். அந்தத் தோள்மூட்டு நழுவிவிட்டால் அவருக்கு வலி, உங்களுக்கு இன்னொரு வேலை. கட்டிலில் சரிந்துபோனவரை மேலே ஏற்ற, அவருக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து விரித்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து நகர்த்துங்கள். இரண்டாவது ஆளுக்காகப் பத்து நிமிடம் காத்திருப்பதில் தவறொன்றும் இல்லை. கமோடு நாற்காலி, யூரின் பாட்டில் போன்றவற்றை வாங்குவதை வீண் செலவு என்று எண்ணாதீர்கள். ஒவ்வொன்றும் உங்கள் முதுகுக்கு மிச்சம்.

முதுகுவலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தளர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு தள்ளிப்போடும் விஷயமல்ல அது.

கடைசியில் சாப்பிடும் பழக்கம்

2019இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடத்தை அதற்குச் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடத்தை. இதற்கு மேல் நோயாளியின் கஞ்சி, குளியல், மருந்து. இத்தனையும் முடிந்து தட்டெடுத்து உட்காரும்போது காலைச் சாப்பாட்டுக்கு மணி பதினொன்று ஆகியிருக்கும். அதுவரை தாங்குவது இரண்டு டீயும் நாலு பிஸ்கட்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடும் பெண்ணுக்கு இப்படிச் சாப்பாடு தள்ளிப்போவது நேரடி ஆபத்து. சர்க்கரை சடாரென்று இறங்கிவிடலாம்.

நோயாளிக்குத் தட்டு எடுக்கும்போதே உங்களுக்கும் ஒரு தட்டு எடுத்துவிடுங்கள். அவருக்கு ஊட்டி முடித்த கையோடு அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரே மாற்றம்தான், ஆனால் நாள் முழுவதையும் சீராக்கும்.

2019-21இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருப்பதாகச் சொன்னது. மூச்சு வாங்குவதையும் தலை சுற்றுவதையும் "வேலை ஜாஸ்தி" என்று கடந்துபோகும் எத்தனையோ பேருக்கு உண்மையில் ரத்தம் குறைந்திருக்கும். ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை போதும், தெரிந்துவிடும். முருங்கைக்கீரை, சுண்டல், கேழ்வரகு, ஈரல் எது முடிகிறதோ சாப்பிடுங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதுவே கணக்கு.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எழுந்து போக நேரமில்லை என்று சிறுநீரை அடக்குவதும், அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரையே குறைப்பதும் சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடும். நோயாளியின் டம்ளருக்குப் பக்கத்தில் உங்கள் சொம்பும் இருக்கட்டும்.

உங்கள் பெயருக்கும் ஒரு மருந்துச் சீட்டு

கணவருடைய எட்டு மாத்திரைகளின் பெயர், நிறம், நேரம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்பவர், தன்னுடைய ஒரே பிபி மாத்திரையை இரண்டு வாரமாக வாங்கவில்லை என்பார். "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்றும் சேர்த்துச் சொல்வார். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல்தான் இருக்கும், பக்கவாதமோ மாரடைப்போ வரும் நாள்வரை. தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய்தான். தலைவலி இல்லையே என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

வீட்டில் பிபி மெஷின் இருந்தால், நோயாளிக்குப் பார்த்ததும் உங்களுக்கும் பாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாகச் சாய்ந்து உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் தாங்கி வைத்துப் பார்க்க வேண்டும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஓடிவந்த மூச்சோடு பார்த்தால் கணக்குத் தப்பும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் உண்டு. வரும் தன்னார்வலரிடம் நோயாளியோடு நிறுத்தாமல் உங்கள் பெயரையும் பதியச் சொல்லுங்கள். முப்பது வயது தாண்டிய பெண்கள் கர்ப்பப்பைவாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தால், நோயாளிக்கு மருந்து வாங்கப் போகும் அடுத்த முறையே அதையும் முடித்துவிடுங்கள்.

எரிச்சல் வந்தால்

ஒரே கேள்வியை இருபதாவது தடவை கேட்கும் தாயிடம் குரல் உயர்ந்துவிடும். அடுத்த நிமிடமே அழுகை வரும், குற்ற உணர்வு பிடுங்கும். "இவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் தேவலை" என்ற எண்ணம்கூட வந்து போகும். இதனால் நீங்கள் கெட்டவராகிவிடவில்லை. களைப்பின் எல்லையில் நிற்கும் மனதில் இப்படித்தான் தோன்றும். இப்படிப்பட்ட நாட்களில் அவருக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஐந்து நிமிடம் வெளியே திண்ணையிலோ மாடியிலோ போய் நில்லுங்கள். முகம் கழுவுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள்.

வேலை நெருக்கடியில் முதலில் நின்றுபோவது நமக்குப் பிடித்த காரியங்கள்தான். கோலம், கோயில், வானொலிப் பாட்டு, தோழியோடு பேச்சு. அவற்றில் ஒன்றையாவது பிடிவாதமாகத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். தோழியிடம் பேசும்போது நோயைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டு, எந்நேரமும் மனம் கனத்துக் கிடந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் ஆகும். மத்திய அரசின் 'டெலி மனஸ்' உதவி எண் 14416 இரவு பகலாக இயங்குகிறது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே அழையுங்கள்.

உதவியைக் கணக்காகக் கேளுங்கள்

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க அக்கா" என்று எல்லோரும் சொல்வார்கள். "பார்த்துக்கிறேன்ப்பா" என்று நாமும் சொல்லி அனுப்பிவிடுவோம். இருவருமே நல்ல மனதோடு பேசுகிறார்கள், ஆனால் எதுவும் நடப்பதில்லை. கேட்கும்போது நாளும் நேரமும் வேலையும் சேர்த்துக் கேளுங்கள். "செவ்வாய்க்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை அப்பாகூட உட்கார்ந்திருக்க முடியுமா?" என்று கேட்டால் தம்பி மறுப்பது கடினம். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் அண்ணனிடம், வாரத்தில் இரண்டு இரவுக்கு ஹோம் நர்ஸ் வைக்கும் செலவை ஏற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து வாங்குவது, இன்சூரன்ஸ் தாள்கள், மருத்துவரிடம் முன்பதிவு எல்லாம் தொலைவிலிருந்தே செய்யக்கூடியவை. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒரு வேளைக் குழம்பு கேட்பதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

"நான் செஞ்சாத்தான் அவருக்குச் சரிப்படும்" என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அது பாசத்தில் வருவதுதான். என்றாலும், மற்றவர் செய்யும்போது சட்டைப் பொத்தான் மாறிப்போனாலும் சாதம் கொஞ்சம் குழைந்தாலும் நோயாளிக்கு ஒன்றும் ஆகிவிடாது. மருந்து வேளை, சாப்பாட்டின் பதம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கட்டில் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள். யார் வந்தாலும் பார்த்துக்கொள்ள முடியும்.

இப்படிக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் நடந்துவிட்டு வாருங்கள், தூங்குங்கள், உங்கள் பல்வலிக்கு மருத்துவரைப் பாருங்கள். ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் போய் அந்த நேரத்தைத் தீர்த்துவிடாதீர்கள். அந்த வேலைகளை வேறு யாரிடமாவது ஒப்படையுங்கள்.