குழாய்த் தண்ணீர்: நம் வீட்டுக் கேள்விகள்

எங்கள் பனச்சமூட்டில் ஒரு பக்கம் கேரளம், மறு பக்கம் தமிழ்நாடு. இரு பக்கமும் தண்ணீருக்கு 'வெள்ளம்' என்றே பெயர். ஆகவே, பிழைப்புக்காக இங்கு புதிதாகக் குடிவரும் நம்மவர்கள், அடுத்த வீட்டு அம்மா "வெள்ளம் வந்துதா?" என்று கேட்டால் மிரள வேண்டாம். குழாயில் தண்ணீர் வந்ததா என்றுதான் விசாரிக்கிறார்.

அந்தத் தண்ணீர் பற்றி நம் சங்கக் குடும்பத்தினர் என்னிடம் அடிக்கடி கேட்பவை சில உண்டு.

"மருந்து வாடை வீசுகிறதே, கிணற்று நீர்தானே நல்லது?" அந்த வாடை குளோரினுடையது. குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. லேசான வாடை, காவல் இருப்பதற்கு அடையாளம். கழிப்பறைக் குழிக்கு அருகிலுள்ள கிணற்றிலோ, கிருமி கலந்தாலும் நீர் பளிங்கு போலவே இருக்கும்.

"பால் போல் வெளுத்து வருகிறதே?" கண்ணாடிக் குவளையில் பிடித்து வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து தெளிந்தால், அது காற்றுக் குமிழிதான்.

"செந்நிறமாக வருகிறதே?" நின்ற குழாயில் மீண்டும் நீர் வரும்போது துருவும் படிந்த மண்ணும் கலங்கி வரும். வெற்றுக் குழாயின் விரிசல் வழியே அழுக்கும் புகக்கூடும். முதலில் வருவதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தெளிந்த பின் பிடியுங்கள். தெளியாவிட்டாலோ, சாக்கடை நாற்றம் வந்தாலோ குடிக்க வேண்டாம். கேரளப் பக்கத்தில் இருப்போர், கேரள நீர் ஆணையத்தின் 1916 எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

ஆனால், யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. வீட்டுக்குள் வந்த பின் நீர் என்ன ஆகிறது? திறந்த பாத்திரத்தில் நாள் முழுதும் வைத்தால் குளோரின் போய்விடும். பிறகு கை நனையச் செம்பால் மொண்டால், காவலில்லாத நீரில் நாமே கிருமியைச் சேர்க்கிறோம். மூடி வைத்து, பிடி நீண்ட கரண்டியால் எடுங்கள். மாடித் தொட்டியையும் அவ்வப்போது கழுவுங்கள்.

இங்குள்ள வழக்கப்படி பதிமுகமோ கருங்காலியோ போட்டு வெந்நீர் குடிப்பவர்களும் கவனிக்க வேண்டும். நிறம் ஏறினால் போதாது. நீர் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். சூடு தணியவில்லையென்று அதில் பச்சைத் தண்ணீர் விளாவினால், கொதிக்க வைத்த பயனே போயிற்று. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு அந்த அரைக் குவளையே போதும். தாய்மார்களே, மூடி வைத்துத் தானாக ஆறவிடுங்கள்.