பண்டிகைக் கணக்கில் பழைய படம்

பண்டிகைச் செலவு எழுதும் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். துணி இருக்கும், பட்டாசு இருக்கும், எண்ணெய், வெல்லம், மாவு அரைத்த கூலி, பெங்களூரிலிருந்து வந்த பிள்ளையின் பஸ் கட்டணம் எல்லாம் இருக்கும். படம் பார்த்த செலவு என்று ஒரு வரி இருக்காது. தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூரில் மட்டுமல்ல, பழைய படத்தை நேசிக்கும் எந்த வீட்டிலும் அப்படித்தான். இத்தனைக்கும் தீபாவளி, பொங்கல் நாட்களில் அந்த வீடுகளில் அதிக நேரம் நடக்கும் காரியம் அதுதான். எழுதாமல் விட்ட அந்த வரியை எழுதிப் பார்ப்போம்.

முதலில் வீட்டுக் கணக்கு. அரசு கேபிள் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2019-இல் அது 130 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் ஆனது. 18 சதவீத வரி சேர்த்தால் 153 ரூபாய் 40 காசு. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 5 ரூபாய் 11 காசு. கேபிள் இல்லை, செல்போனில்தான் பார்க்கிறார்கள் என்றால், 2024 ஜூலையில் கட்டணம் ஏறிய பிறகு ஜியோவில் 28 நாளுக்கு 299 ரூபாய், தினம் 1.5 ஜி.பி. நாள் ஒன்றுக்கு 10 ரூபாய் 68 காசு. சுமாரான தெளிவில் ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ அரை ஜி.பி. இழுக்கும். ஆக, மூன்று மணி நேரப் பழைய படம் ஒன்று அன்றைய டேட்டாவைத் துடைத்து வைத்துவிடும். இந்த 1.5 ஜி.பி.யை நிர்ணயித்தவர் சிவாஜி ரசிகராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மின்சாரம்? 100 வாட் டி.வி. மூன்று மணி நேரம் ஓடினால் 0.3 யூனிட். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற மாநிலத்தில் அதை எழுதுவதே அதிகம். கேபிளையும் டேட்டாவையும் சேர்த்தே கூட்டினாலும் 15 ரூபாய் 79 காசு. வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்து பார்த்தாலும் அதே 15.79.

தியேட்டர் கணக்கு வேறு. தொப்பூரிலிருந்து சேலம் சுமார் 35 கிலோமீட்டர். புறநகர் சாதாரணப் பேருந்துக்கு 2018-இல் நிர்ணயித்த கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு. 20 ரூபாய் 30 காசு வருகிறது. போக வர நான்கு பேருக்கு 162 ரூபாய் 40 காசு. டிக்கெட் 100 ரூபாய் என்று வைத்தால், 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு முன் 12. நூற்றைத் தாண்டினால் 18 சதவீதம். நான்கு டிக்கெட் 420 ரூபாய். மொத்தம் 582 ரூபாய் 40 காசு. உள்ளாட்சிக் கேளிக்கை வரி, இடைவேளை முறுக்கு, காபி எதையும் நான் இதில் சேர்க்கவில்லை. சேர்க்காமலே வீட்டுக் கணக்கைப்போல 36 மடங்குக்கு மேல் போகிறது.

பணத்தில் இவ்வளவு மலிந்த பொருளுக்கு நேரத்தில்தான் விலை. 35 எம்.எம். படச்சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். விநாடிக்கு 24 படம் ஓட வேண்டும். அப்படியென்றால் நிமிடத்துக்கு 90 அடி, மணிக்கு 5,400 அடி, மூன்று மணி நேரப் படத்துக்கு 16,200 அடி. மொத்தம் 2,59,200 படங்கள். சுருளை அவிழ்த்து நீட்டினால் 4.94 கிலோமீட்டர், தொப்பூர் கணவாயின் வளைவுகளில் முக்கால்வாசியை அளந்துவிடலாம். 2,000 அடிச் சுருள் ஒன்று 22 நிமிடம் ஓடும் என்பதால் படத்துக்கு ஒன்பது சுருள். ஒரே ஒரு புரொஜெக்டர் வைத்திருந்த டெண்ட் கொட்டாயில் இரண்டு மூன்று சுருளை ஒட்டி ஓட்டினாலும் இரண்டு முதல் நான்கு இடைவேளை தப்பாது. மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்தவர்கள், விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் மேட்டைச் சரிசெய்துகொள்வார்கள். இன்றைக்கு டி.வி.யில் விளம்பரம் வரும்போது சலிக்காமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வருகிற பெரியவர்களுக்கு அந்தப் பயிற்சி எங்கே கிடைத்தது என்று இதிலிருந்து தெரியும்.

நீளத்துக்கும் ஒரு காலத்தில் ரேஷன் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் கச்சா ஃபிலிம் தட்டுப்பாடு வந்தபோது ஒரு படத்துக்கு 11,000 அடி என்று அரசாங்கம் வரம்பு கட்டியது. 90-ஆல் வகுத்தால் 122 நிமிடம். அந்தக் காலத்தில் வந்ததுதான் எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ஹரிதாஸ்’. 1944 அக்டோபர் 16, தீபாவளி. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதை வைத்து ‘மூன்று வருஷம் ஓடியது’ என்று சொல்கிறவர்களும் உண்டு. இங்கேதான் கணக்குப் பிள்ளை குறுக்கிட வேண்டியிருக்கிறது. முதல் தீபாவளியன்றே வெளியான படம் மூன்றாவது தீபாவளியைப் பார்க்க இரண்டு வருஷமும் ஒரு வாரமும் போதும். ஏறத்தாழ 740 நாள்.

புழங்கும் எண்களில் ஒன்று 768 நாள், அதாவது 110 வாரத்துக்கு இரண்டு நாள் குறைவு. அதை நாட்காட்டியில் வைத்தால் 1946 நவம்பர் கடைசி வாரத்தை ஒட்டி முடிகிறது. மூன்றாவது தீபாவளி கழிந்து ஒரு மாதம். பொருந்துகிறது. இன்னொரு எண் 133 வாரம். 931 நாள். அது 1947 மே முதல் வாரம் வரை போகிறது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் மீது கத்திக்குத்து நடந்தது 1944 நவம்பர் 8, படம் வெளியான 23-ஆம் நாள். அந்த வழக்கில் கைதான பாகவதரும் அதே படத்தில் நடித்த என்.எஸ். கிருஷ்ணனும் வெளியே வந்தது 1947 ஏப்ரலில். 133 வாரம் உண்மையென்றால் பாகவதர் விடுதலையாகி வந்து, ஓடிக்கொண்டிருக்கும் தன் படத்தைத் தானே டிக்கெட் எடுத்துப் பார்த்திருக்கலாம். அப்படி ஒரு சம்பவம் நடந்திருந்தால் தமிழ்நாடு அதை இன்றுவரை பேசாமல் விட்டிருக்காது. நான் 768-இன் பக்கம். எப்படிக் கூட்டினாலும் ஒன்று மாறாது: மூன்று தீபாவளியில் இரண்டை அந்தப் படத்தின் நாயகன் சிறையில் கழித்தார்.

2005 ஏப்ரல் 14, சித்திரை முதல் நாளில் வந்த ‘சந்திரமுகி’ சென்னை சாந்தியில் 890 நாள் ஓடி ‘ஹரிதாஸ்’ சாதனையை முறியடித்ததாகச் சொல்லப்படுகிறது. அதை ஏற்பவர்கள் 133 வாரத்தைக் கைவிட்டுத்தான் ஏற்க வேண்டும். தவிர, படத்தைத் தயாரித்தது சிவாஜி புரொடக்‌ஷன்ஸ், சாந்தி தியேட்டரும் அப்போது சிவாஜி குடும்பத்துடையதாக இருந்தது. சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்களையும் விருந்தாளி தங்கிய நாட்களையும் ஒரே பத்தியில் எழுதுவது சரியான கணக்கு முறை ஆகாது.

இப்படிப் பண்டிகையும் எண்ணும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிய ஆண்டு என்றால் அது 1964-தான். ஜனவரி 14 பொங்கலன்று பி.ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’. அதே நாளில் தேவர் ஃபிலிம்ஸின் ‘வேட்டைக்காரன்’. ஒரு பக்கம் சிவாஜி, என்.டி. ராமராவ், குருக்ஷேத்திரத்தில் எடுத்த போர்க்களம், மறுபக்கம் எம்.ஜி.ஆர். தொப்பி. அந்தப் பொங்கலுக்கு வேட்டைக்காரன் முந்திவிட்டான் என்பதே ஊர்ப் பேச்சு. பத்து மாதம் கழித்து, நவம்பர் 3 தீபாவளிக்கு மூன்று படம் ஒரே நாளில்: எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’, சிவாஜியின் ‘நவராத்திரி’, சிவாஜியின் ‘முரடன் முத்து’. மூன்றையும் முதல் நாளே பார்க்க நினைத்தவனுக்குத் திரை முன்னால் மட்டும் எட்டு மணி நேரத்துக்கு மேல் தேவைப்பட்டிருக்கும். எண்ணெய்க் குளியல் வேறு.

அந்த இரண்டு சிவாஜி படங்களில் ஒன்று 99-ஆவது, ஒன்று 100-ஆவது. ஏ.பி. நாகராஜனின் ‘நவராத்திரி’யில் ஒன்பது வேடம், நூறு அதற்குப் போனது. ‘முரடன் முத்து’வை எடுத்த பந்துலுவுக்கு 99. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘கர்ணன்’, ‘கப்பலோட்டிய தமிழன்’ என்று எடுத்துக் கொடுத்தவருக்கு அந்த ஒரே ஓர் எண் வித்தியாசம் தாங்கவில்லை என்பார்கள். நேரே எம்.ஜி.ஆரிடம் போனார். 1965 ஜூலை 9-இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ வந்தது. நூற்றிலிருந்து ஒன்றைக் கழித்ததில் கிடைத்த மிச்சம் என்று அந்தப் படத்தைச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், அரை நூற்றாண்டு கழித்து டிஜிட்டலில் புதுப்பித்துத் தியேட்டருக்கு வந்து நூறு நாளைத் தாண்டியவை ‘கர்ணன்’ (2012 மார்ச் 16), ‘ஆயிரத்தில் ஒருவன்’ (2014 மார்ச் 14). இரண்டும் பந்துலுவின் படங்கள். பண்டிகைப் போட்டியில் யார் முந்தினார் என்பதை ஒரே வாரத்தில் கணக்கு முடிப்பது தவறு என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை.

சிவாஜி தன்னோடு தானே மோதுவதை அதோடு விடவில்லை. 1967 நவம்பர் 1 தீபாவளிக்கு ‘ஊட்டி வரை உறவு’, ‘இரு மலர்கள்’. 1970 அக்டோபர் 29-இல் ‘எங்கிருந்தோ வந்தாள்’, ‘சொர்க்கம்’. பொங்கல் பெரும்பாலும் எம்.ஜி.ஆருக்கு: 1965-இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’, 1966-இல் ‘அன்பே வா’, 1967 ஜனவரி 13-இல் ‘தாய்க்குத் தலைமகன்’. ‘தாய்க்குத் தலைமகன்’ வருவதற்கு முந்தைய நாள் மாலைதான் நடிகர் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கும் உண்டு. தர்மபுரி மாவட்டம் பிறந்தது 1965 அக்டோபர் 2. ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வந்த பொங்கலில் தொப்பூர் சேலம் மாவட்டம். ‘அன்பே வா’ பொங்கலில் தர்மபுரி மாவட்டம். டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்ததும் அதே சேலம்தான். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. தமிழின் முதல் முழு நீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956 பொங்கலை ஒட்டி வெளியானது. ஏற்காடு சாலையில் இப்போது மிஞ்சியிருப்பது அதன் நுழைவு வளைவு.

இனிதான் முக்கியமான பத்தி. ஒரு பழைய படம் பண்டிகைப் படமாக மாறுவதற்குத் தரம் மட்டும் போதாது, மலிவும் வேண்டும். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் என்றால் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’. 1946 டிசம்பரில் வந்தபோது பெரிதாகப் போகவில்லை. 28 ஆண்டு கழித்து, 1974-இல், பதிப்புரிமையைப் புதுப்பிக்க மறந்தார்கள். கட்டணம் இல்லாத படம் கிடைத்ததும் தொலைக்காட்சி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரும் ஓட்டித் தள்ளின. இருபது ஆண்டில் அது ஒரு தேசத்தின் பண்டிகைச் சடங்கு ஆகிவிட்டது. பிறகு 1993-இல் கதைக்கும் இசைக்கும் உள்ள உரிமையைக் காட்டி ஒரு நிறுவனம் அதை மறுபடி பூட்டிக்கொண்டது.

நம் சட்டத்தில் திரைப்படத்துக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. கூட்டிப் பாருங்கள். ‘பராசக்தி’ (1952) 2013 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. ‘அலிபாபா’ 2017 முதல். ‘கர்ணன்’, ‘வேட்டைக்காரன்’, ‘படகோட்டி’, ‘நவராத்திரி’ நான்கும் 2025 முதல். ‘எங்க வீட்டுப் பிள்ளை’, ‘ஆயிரத்தில் ஒருவன்’ 2026 முதல். ஆனால் பாட்டும் கதையும் இசையும் தனிக் கணக்கு: எழுதியவர் மறைந்து 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்கர்கள் மாட்டிய அதே பூட்டு. படம் ஊருக்குச் சொந்தம், பாட்டு இன்னொருவருக்குச் சொந்தம் என்ற நிலையில் தெருவில் திரை கட்ட எந்த இளைஞர் மன்றமும் துணியாது. பொதுத் திரையிடலுக்கு வாங்க வேண்டிய அனுமதி வேறு.

ஆகவே, பழைய படங்களின் பாட்டுரிமையும் கதை உரிமையும் புதுப்பித்த பிரதிகளும் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். பண்டிகைக்கு ஓர் ஊராட்சிக்கு ஒரு காட்சி, எல்லாம் சேர்த்து 500 ரூபாய் என்று ஒரே கட்டணம் வையுங்கள். நூறு பேர் உட்கார்ந்தால் தலைக்கு ஐந்து ரூபாய், கேபிளுக்குக் கொடுக்கும் அதே காசு. தர்மபுரி மாவட்டத்தில் 251 ஊராட்சிகள். 1,25,500 ரூபாய் வரும். தமிழ்நாடு முழுக்கச் சுமார் 12,500. அதில் பாதி ஊர்கள் கேட்டாலும் ஒரே பொங்கலில் 31 லட்சத்து 25 ஆயிரம். இப்போது அந்த வரியில் உங்களுக்கு வருவது பூஜ்யம்.